பழைய வண்டிக்குப் பாயிண்ட்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயிண்ட் என்பது இக்னிஷனில் என்ன வேலை செய்கிறது?

ஒரு சுவிட்ச்சின் வேலை. சாவியைப் போட்டதும் பேட்டரி மின்சாரம் காயிலின் முதல் கம்பிச் சுற்றுக்குள் போய், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் முழுக்கக் காயிலில் காந்தப் புலம் சேர்கிறது. ஷாஃப்ட்டில் இருக்கும் முகடு வைத்த கேம் திரும்பிப் பாயிண்ட்டைத் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிந்து விழும். முதல் சுற்றில் 250, 300 வோல்ட்டும் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டும் எழும்பிப் பிளக்கில் பொறி தட்டும். திறக்கும்போது முனைகளுக்கு இடையே தீப்பொறி பறக்காமல் மின்சாரத்தைச் சட்டென நிறுத்த உதவுவது பக்கத்தில் இருக்கும் கண்டன்சர்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் டெல்கோ நிறுவனத்தில் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடின. பட்டறைகளில் 'பிளாட்டினம்' என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் பிற்காலப் பாயிண்ட் முனைகள் டங்ஸ்டனால் ஆனவை.

எலக்ட்ரானிக் மாட்யூலும் இதே சுவிட்ச் வேலையைத்தான் செய்கிறது. உலோக முனைக்குப் பதில் டிரான்சிஸ்டர் காயிலின் மின்சாரத்தை வெட்டி விடுகிறது, அவ்வளவே. காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், அதன் மூடியான கேப், பிளக் வயர், வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டித் தட்டவைக்கும் அட்வான்ஸ் எல்லாம் பழையபடிதான். 'எலக்ட்ரானிக் போட்டேன், பிரச்சினை போகவில்லை' என்ற புலம்பலில் பாதி, இதைக் கவனிக்காததால் வருவது.

எலக்ட்ரானிக் போட்டால் பவரும் மைலேஜும் கூடுமா?

சரியாக வைத்த பாயிண்ட்டோடு ஒப்பிட்டால் சாதாரண ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. மாற்றிய அன்று வண்டி பறக்கிறது என்றால், பழைய பாயிண்ட் தேய்ந்து டைமிங், அதாவது பொறி தட்டும் நேரம், பின்னால் போயிருந்தது என்று பொருள். மாட்யூல் போடும் சாக்கில் டைமிங்கும் பிளக்கும் சரியானதுதான் அந்தப் புது வேகம்.

அதிக ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) மட்டும் கதை வேறு. 4 சிலிண்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 200 பொறி கேட்கிறது. ஒரு பொறிக்குக் கிடைப்பது 5 மில்லிவிநாடி. அதில் பாயிண்ட் மூடியிருப்பது ஏறக்குறைய 3 மில்லிவிநாடி. 3 ஓம், 8 மில்லிஹென்ரி காயில் அதற்குள் தன் முழு மின்னோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிடும், அது போதும். 8 சிலிண்டரில் அதே வேகத்தில் கிடைப்பது 1.7 மில்லிவிநாடிதான். அங்கே பாதி மின்னோட்டம்கூட ஏறாது. அதோடு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பாயிண்ட் குதிக்க ஆரம்பிக்கும். அந்த நிலையில் மாட்யூலும் குறைந்த ஓம் காயிலும் சேர்ந்து தருவது நிஜமான லாபம். 4000 ஆர்பிஎம் தாண்டாத 4 சிலிண்டர் காருக்கும் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளுக்கும் இந்தக் கணக்கே எழுவதில்லை.

அப்படியானால் மாற்றுவதில் லாபம் எங்கே?

டைமிங் நகராமல் நிற்பதில். பாயிண்ட்டின் குதிகால், அதாவது கேமில் உரசும் அந்தச் சின்ன நார்க்கட்டை, ஓட ஓடத் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிடார்ட் ஆகும். வண்டி மெல்ல மெல்லச் சோம்பலாகிக்கொண்டே போகும், தினமும் ஓட்டுகிறவருக்கு அது உறைக்காது. மாட்யூலில் உரசும் பாகம் இல்லை. ஒருமுறை டைமிங் வைத்தால், டிஸ்ட்ரிபியூட்டர் அசையாத வரை அங்கேயே இருக்கும்.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கும் மாட்யூல் நல்லது. பாயிண்ட் முனை மாதக்கணக்கில் சும்மா இருந்தால் மெல்லிய ஆக்சைடு படலம் ஏறும், கண்ணுக்குத் தெரியாது, ஸ்டார்ட் ஆகாது.

எந்த வண்டிக்கு எதைச் சொல்வீர்கள்?

வாரத்துக்குச் சில நாள் ஓடும், ஓட்டுகிறவரே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிந்த, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லாத வண்டிக்குப் பாயிண்ட்டே போதும். அதை எடுத்தெறிய ஒரு காரணமும் இல்லை. 6 வோல்ட் வண்டி, டைனமோ பலவீனமான வண்டி, பேட்டரி அடிக்கடி இறங்கும் வண்டி, இவற்றுக்கும் பாயிண்ட்தான். பேட்டரி 7 வோல்ட்டுக்கு விழுந்தாலும் பாயிண்ட் எப்படியோ ஒரு பொறியைத் தரும், தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். பல மாட்யூல்கள் 8 வோல்ட்டுக்குக் கீழே தடுமாறும்.

நீண்ட பயணம் போகும் வண்டி, அதிக ஆர்பிஎம்மில் ஓடும் 6, 8 சிலிண்டர் எஞ்சின், டிஸ்ட்ரிபியூட்டரை எட்டவே முடியாத இடத்தில் வைத்திருக்கும் கார், பட்டறைக்காரரை நம்பியே இருக்கும் உரிமையாளர்: இவர்களுக்கு மாட்யூல் உதவும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பாயிண்ட் சாவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் சாகும்: மிஸ்ஸிங் வரும், ஸ்டார்ட் ஆகத் தயங்கும், இழுவை குறையும். மாட்யூல் பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். அதனால் எதைத் தேர்ந்தாலும் மற்றதற்குத் திரும்பும் வழியை அடைக்காதீர்கள். பழைய பிளேட்டை வெட்டுவதோ புது ஓட்டை போடுவதோ வேண்டாம்.

மாற்றலாமா என்று முடிவெடுக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது. தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எந்த மாட்யூலைப் போட்டாலும் அது தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

கேப்பைக் கழற்றி, ரோட்டாரை எடுத்து, ஷாஃப்ட் நுனியை விரலால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று கைக்குத் தெரிந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு கேம் முகட்டில் இடைவெளி வைத்து, மற்ற முகடுகளிலும் அளந்து பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் மாறினால் ஷாஃப்ட்டோ கேமோ சரியில்லை. டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை, அதாவது டுவெலை, அளப்பது) இருந்தால், எஞ்சின் உறிஞ்சலால் அட்வான்ஸை நகர்த்தும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கிலிருந்து 2500 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். டுவெல் 3 டிகிரிக்கு மேல் அலைந்தால் அதே முடிவு. காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைத்த மாட்யூல் இந்த ஆட்டத்தைப் பாயிண்ட்டைவிடக் கொஞ்சம் அதிகம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் குணப்படுத்தாது. புஷ் மாற்றுவதே மருந்து.

அடுத்தது அட்வான்ஸ். ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்பிவிட்டால் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் கீழே இருக்கும் எடைகள் துருவேறியோ பழைய கிரீஸில் ஒட்டியோ கிடக்கின்றன. வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

பிளேட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குப் போகும் துணி உறையிட்ட சின்ன எர்த் வயரை மறக்காதீர்கள். வேக்கம் இழுக்கும்போதெல்லாம் அது வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே அறுந்து போகும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். ஐடிலிங்கில் நன்றாக ஓடி, ஆக்சிலேட்டர் மிதித்ததும் மிஸ்ஸிங் அடிக்கும் பல வண்டிகளின் நோய் இந்த 5 செ.மீ. வயரில் இருக்கிறது.

பாயிண்ட்டைச் சரியாக வைப்பது எப்படி?

புதுப் பாயிண்ட்டின் முனைகளில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். முதலில் அதை பிரேக் கிளீனரால் துடையுங்கள். துடைக்காமல் மாட்டினால் அந்தப் படலம் கருகி, முதல் நாளே முனை கறுக்கும்.

அடுத்து, ஸ்பிரிங் மாட்டும் தூணில் வாஷர் வரிசை. பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் லூகாஸ் 25டி போன்ற டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலிலிருந்து வரும் வயரின் முனையும் கண்டன்சர் வயரின் முனையும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், ஆனால் தூணையோ நட்டையோ தொடக் கூடாது. கீழே ஒரு இன்சுலேட்டிங் வாஷர், மேலே கழுத்து வைத்த பிளாஸ்டிக் புஷ், அந்தக் கழுத்தின் மேல் இரண்டு வயர் முனைகளும், கடைசியில் நட். புஷ்ஷைத் தவறவிட்டாலும் தலைகீழாகப் போட்டாலும் காயில் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் பொறி வராது. புதுப் பாயிண்ட் போட்டபின் வண்டி சுத்தமாகச் செத்துக் கிடந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

எஞ்சினைச் சுற்றி, குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்படி வையுங்கள். அப்போதுதான் இடைவெளி அதிகபட்சமாக இருக்கும். பூட்டு ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்தி, திருப்புளியைப் பள்ளத்தில் வைத்து நகர்த்துங்கள். பெரும்பாலான 4 சிலிண்டர் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் மெல்லிய உரசலோடு போய்வர வேண்டும், பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கக் கூடாது. கேஜைத் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். அதிலிருக்கும் எண்ணெய் முனையில் ஒட்டினால் செய்த வேலை வீண். ஸ்குரூவை இறுக்கும்போது இடைவெளி நகரும் என்பதால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்தே ஆக வேண்டும்.

ஓடிய பாயிண்ட்டில் ஒரு முனையில் மேடும் எதிர் முனையில் குழியும் இருக்கும். ஃபீலர் கேஜ் மேட்டின் மேல் உட்கார்ந்து பொய் சொல்லும். அப்படிப்பட்ட பாயிண்ட்டை டுவெல் மீட்டரால் மட்டுமே நம்பி வைக்கலாம்: லூகாஸ் 25டி4-க்கு 60 டிகிரி, கூடக்குறைய 3, 45டி4-க்கு 51 டிகிரி, கூடக்குறைய 5. இடைவெளியைக் குறைத்தால் டுவெல் ஏறும், கூட்டினால் இறங்கும்.

கேமுக்கு அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ், தீக்குச்சித் தலையளவு போதும். ரோட்டாருக்கு அடியில் ஷாஃப்ட் நடுவில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில். கூடுதலாக விட்டால் சுழற்சியில் தெறித்து நேரே பாயிண்ட்டுக்குத்தான் போகும். கிரீஸே வைக்காவிட்டால் குதிகால் சில நூறு கிலோமீட்டரில் கரைந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே டைமிங். இடைவெளியைத் தொட்டால் டைமிங் நகரும், டுவெல் 1 டிகிரி மாறினால் கிராங்க் டைமிங்கும் ஏறக்குறைய 1 டிகிரி மாறும். டைமிங்கைத் தொட்டால் இடைவெளி நகராது. ஆகவே இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு முறை வேலை.

கடைசியாக ஒரு சோதனை, பலரும் செய்யாதது. சாவி போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலிலும் மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் பாயிண்ட், பிளேட், எர்த் எல்லாம் சுத்தம். அரை வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. அளந்ததும் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது 3 ஓம் காயில் 4 ஆம்பியர் இழுக்கிறது, கிட்டத்தட்ட 50 வாட் சூடு அதற்குள்ளேயே தங்குகிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. உப்புத்தாளின் துகள் முனையில் பதிந்து மின்சாரத்தைத் தடுக்கும், அந்த இடமே மறுபடி கருகும். மெல்லிய பாயிண்ட் அரம் இருந்தால் இரண்டு இழுப்பு. படலம் மட்டும்தான் என்றால், மூடிய முனைகளுக்கு நடுவே வெள்ளைத் தாளை வைத்து இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழாமல் வரும்வரை இழுத்தால் போதும்.

புதுப் பாயிண்ட் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காமல் கருகுகிறதே?

கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். அதன் அளவு பொதுவாக 0.2 மைக்ரோஃபாரட்டை ஒட்டி இருக்கும். அளவு விலகினால் உலோகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகமாகக் குடிபெயரும், மேடும் குழியும் சீக்கிரம் வரும். கண்டன்சர் முழுதாகச் செத்தால், கேப்பைக் கழற்றிச் செல்ஃப் அடிக்கும்போது பாயிண்ட்டில் தடித்த நீலப் பொறி பறக்கும். ஆரோக்கியமான கண்டன்சரோடு கண்ணுக்குத் தெரிவது ஊசிமுனையளவு மினுக்கல்தான்.

சூட்டில் மட்டும் செயலிழக்கும் கண்டன்சர் இன்னும் கொடியது. அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு இருமி நின்றுவிடும், இருபது நிமிடம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இதைப் பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து கார்புரேட்டரைப் பிரித்தவர்கள் ஏராளம். புதிதாகச் செய்துவரும் கண்டன்சர்களில் தரம் குறைந்தவை நிறைய. எலக்ட்ரானிக்குக்கு மாறுகிறவர்களில் பலர் வெறுத்து ஓடுவது உண்மையில் பாயிண்ட்டை விட்டு அல்ல, மோசமான கண்டன்சரை விட்டுத்தான். நல்ல கண்டன்சர் ஒன்று கிடைத்து ஓடிக்கொண்டிருந்தால், பாயிண்ட் மாற்றும்போதெல்லாம் அதை மாற்றாதீர்கள்.

காயில் இன்னொரு காரணம். 1.5 ஓம் பல்லாஸ்ட் காயிலை, மின்னோட்டத்தைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் இல்லாமல் நேரே 12 வோல்ட்டில் மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் தாங்குவது அதில் பாதிதான்.

எலக்ட்ரானிக்கில் என்னென்ன வகை?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் மாட்யூல்தான் பரவலானது. கேமின் மேல் காந்தங்கள் பதித்த ஒரு வளையம் உட்காரும், பக்கத்தில் ஹால் சென்சார் இருக்கும். பெர்ட்ரானிக்ஸ் இந்த வகை. கேப்பை மூடினால் வெளியே இரண்டு வயர் மட்டும் தெரியும். ஒளிக்கற்றையை வெட்டும் தகடு வைத்த வகையும் உண்டு, லுமினிஷன் ஆப்ட்ரானிக் அப்படி. அதன் பெட்டி வெளியே தனியாக மாட்டப்படும். சூட்டிலிருந்து தள்ளி இருப்பது அதன் பலம்.

அதிகம் பேசப்படாத, ஆனால் நல்ல நடுவழி ஒன்று இருக்கிறது: டிரான்சிஸ்டர் உதவியோடு பாயிண்ட். பாயிண்ட் அப்படியே இருக்கும், காயிலின் 4 ஆம்பியரை வெளியே ஒரு பெட்டி வெட்டும், பாயிண்ட் வழியே சிறு மின்னோட்டம் மட்டும் போகும். முனை கருகுவது நின்றுவிடும், தேய்வது குதிகால் மட்டும்தான். பெட்டி கெட்டால் வயரை மாற்றிச் செருகி, கண்டன்சரை இணைத்து, பழையபடி பாயிண்ட்டில் ஓட்டலாம். அசலை விட மனமில்லாதவருக்கு இதையே முதலில் சொல்லத் தோன்றுகிறது.

அட்வான்ஸ் வளைவையும் எலக்ட்ரானிக்காகவே நடத்தும் முழு டிஸ்ட்ரிபியூட்டரும் கிடைக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் எடை, ஸ்பிரிங், புஷ் எல்லாமே போய்விட்டது என்றால் அதைப் பழுது பார்ப்பதற்கும் இதற்கும் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதை எண்ணெய் தடவிச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

என் காயிலையே வைத்துக்கொள்ளலாமா?

வயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சிறு டெர்மினல்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். 3 ஓம் சுற்றுவட்டாரம் என்றால் சாதாரண 12 வோல்ட் காயில். 1.5 ஓம் என்றால் பல்லாஸ்ட் காயில். மாட்யூலின் தாளில் குறைந்தபட்ச ஓம் எழுதியிருப்பார்கள், அதற்குக் கீழே போனால் மாட்யூல் எரியும். 0.6 ஓம் காயிலைச் சாதாரண மாட்யூலோடு இணைப்பது மாட்யூலைக் கொல்ல மிக நிச்சயமான வழி.

வண்டியில் பல்லாஸ்ட் இருக்கிறதா என்று பார்வையால் மட்டும் முடிவு செய்யாதீர்கள், சில கார்களில் அது வயரிங்கிற்குள் ரெசிஸ்டன்ஸ் வயராக ஒளிந்திருக்கும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டு, காயிலுக்கு மின்சாரம் வரும் டெர்மினலில் வோல்ட் பாருங்கள். 12-ஐ ஒட்டி இருந்தால் பல்லாஸ்ட் இல்லை, 6 முதல் 8 காட்டினால் இருக்கிறது. இருந்தால், மாட்யூலின் மின்சார வயரைப் பல்லாஸ்டுக்கு முன்னால், சாவியிலிருந்து நேரே வரும் 12 வோல்ட்டில் கொடுங்கள். காயிலோடு சேர்த்துக் கட்டினால் செல்ஃப் அடிக்கும்போதோ சூட்டிலோ மாட்யூல் பட்டினி கிடந்து நிற்கும்.

6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் வண்டிகள்?

அந்தந்த மின்சாரத்துக்கென்றே செய்த மாட்யூல்தான் வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் ஏராளமானவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்தவை. பின்னாளில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் புத்தகத்தை நம்பாமல் பேட்டரியிலிருந்து உடலுக்கு எந்த முனை போகிறது என்று கண்ணால் பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் மாட்யூல் ஒரு விநாடிகூடத் தாங்காது. எர்த்தை மாற்றிய வண்டியில் காயிலின் இரு சிறு வயர்களும் இடம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கில் பொறி எதிர்த்திசையில் பாயும், அதற்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும்.

மாட்யூல் பொருத்தும் வரிசை?

எஞ்சினை முதல் சிலிண்டர் டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் பேனாவால் குறியுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எடுத்து ஸ்குரூக்களோடு ஒரு டப்பாவில் போடுங்கள். எர்த் வயரை மட்டும் அங்கேயே விடுங்கள், அது மாட்யூலுக்கும் வேண்டும். பிளேட்டில் மாட்யூல் உட்காரும் இடத்தை எண்ணெய் போகத் துடையுங்கள், பல மாட்யூல்கள் அந்த உலோகத் தொடுகையை வைத்தே எர்த் ஆகின்றன.

காந்த வளையத்தைக் கேமின் மேல் திருப்பித் திருப்பி, தானாகப் பொருந்தி இறங்கும் வரை அழுத்துங்கள். சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி, கூட வந்திருக்கும் பிளாஸ்டிக் தகட்டளவு. ரோட்டார் முழுவதும் கீழே உட்கார்கிறதா என்று பாருங்கள். வளையம் தூக்கிப் பிடித்தால் ரோட்டார் கேப்பின் உள்ளே இடிக்கும். வயர்கள் வெளியே வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் வேண்டும், உள்ளே வேக்கம் பிளேட் நகரும் அளவுக்குத் தளர்வும் வேண்டும். கையால் வேக்கத்தை இழுத்துப் பாருங்கள், வயர் விறைக்கக் கூடாது, ரோட்டாரிலும் உரசக் கூடாது.

வயர் நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், தாளைப் பாருங்கள். இணைத்தபின் ஸ்டார்ட் செய்து, வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டால் வையுங்கள். மாட்யூலின் வெட்டும் இடம் பாயிண்ட்டின் திறக்கும் இடத்தோடு ஒத்துப்போகாது, அதனால் டைமிங் மறுபடி வைக்காமல் ஓட்டவே கூடாது. டெஸ்ட் லேம்ப் வைத்து எஞ்சின் நின்ற நிலையில் டைமிங் பார்க்கும் பழைய முறை பல மாட்யூல்களில் வேலை செய்யாது.

மாட்யூல் ஏன் சாகிறது?

எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு விட்டுவிடுவது முதல் காரணம். பிந்தைய தலைமுறை மாட்யூல்கள் சில விநாடியில் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும், எளிய வகைகள் நிறுத்தாமல் வெந்துவிடும். ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினல் தளர்ந்து விடுபடுவது இரண்டாவது: சார்ஜிங்கின் வோல்ட் எகிறி நேரே மாட்யூலில் விழும். உடலில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் மாட்யூல் வயரையும் கழற்றாமல் விட்டாலும் இதே கதி. பிளக் வயரைக் காற்றில் தொங்கவிட்டுப் பொறி பார்ப்பதும் ஆபத்து. போக வழியில்லாத உயர் வோல்ட் காயிலுக்குள்ளோ ரோட்டார் வழியாகவோ பாயும். வயர் முனையில் பழைய பிளக்கைச் செருகி, அதன் உடலை எஞ்சினில் எர்த் செய்து பாருங்கள்.

ரோட்டாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடுவில் ரிவெட் அடித்த மலிவான ரோட்டார்களில், ரிவெட்டின் அடியிலிருந்து ஷாஃப்ட்டுக்குப் பொறி துளைத்துப் போகும். வண்டி நிற்கும், பழி மாட்யூல் மேல் விழும். ரிவெட் இல்லாத ரோட்டாராகப் பார்த்து வாங்குங்கள், பாயிண்ட் வண்டிக்கும் இது பொருந்தும்.

பிளக் வயர், ஆர்பிஎம் மீட்டர்?

செம்புக் கம்பி வயர், ரெசிஸ்டர் இல்லாத பிளக், ரெசிஸ்டர் இல்லாத பிளக் கேப் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அதன் ரேடியோ இரைச்சலே மாட்யூலைக் குழப்பி மிஸ்ஸிங் கொடுக்கும். ரெசிஸ்டிவ் வயரோ 5 கிலோ ஓம் பிளக் கேப்போ போடுங்கள். காயிலின் மின்னோட்டத்தை ஒரு வயர் வளையத்தால் உணரும் பழைய ஸ்மித்ஸ் ஆர்விஐ வகை மீட்டர் சில மாட்யூல்களோடு துள்ளும் அல்லது செத்துவிடும், வாங்கும் முன் கேளுங்கள்.

பிளக் இடைவெளியைக் கூட்டலாமா?

காயில் பழையதே என்றால் வேண்டாம், புத்தகம் சொல்லும் 0.6 மி.மீ. சுற்றிலேயே விடுங்கள். கூட்டினால் கேப்புக்கும் ரோட்டாருக்கும்தான் சுமை.

மேக்னெட்டோ வண்டியில் இந்த மாட்யூல் வேலை செய்யுமா?

செய்யாது. ஃபிளைவீல் மேக்னெட்டோவில் பேட்டரி மின்சாரமே கிடையாது, பாயிண்ட் திறக்கும் கணம் காந்தத்தின் நிலையோடு பிணைந்தது. அதற்கென்றே வரும் சிடிஐ (கெப்பாசிட்டரில் சேமித்த மின்சாரத்தால் பொறி தருவது) தொகுப்பு வேறு. ஸ்டேட்டர், ஃபிளைவீல் வரை மாறும்.

நடுவழியில் மாட்யூல் போய்விட்டால்?

வண்டியில் எப்போதும் ஒரு டப்பா இருக்கட்டும்: துடைத்துச் சோதித்த பாயிண்ட், வேலை செய்த பழைய கண்டன்சர், இன்சுலேட்டிங் புஷ்ஷும் வாஷரும், ஸ்குரூக்கள், 0.38 மி.மீ. ஃபீலர் தகடு, சின்னத் திருப்புளி. பழைய பிளேட்டே உபரியாகக் கிடைத்தால் அதில் பாயிண்ட்டைப் பூட்டி இடைவெளி வைத்தே எடுத்துச் செல்லலாம். வீட்டிலேயே ஒருமுறை பாயிண்ட்டை மாட்டி டைமிங் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலும் எஞ்சின் பிளாக்கிலும் ஒரே நேர்கோட்டில் கீறிவிடுங்கள். மாட்யூலுக்கு வேறு கீறல்.

நின்ற இடத்தில் முதலில் மாட்யூலுக்கு 12 வோல்ட் வருகிறதா, வயர் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான். வருகிறது, பொறி இல்லை என்றால் சாவியை அணைத்து, வளையத்தையும் மாட்யூலையும் எடுத்து, பாயிண்ட்டையும் கண்டன்சரையும் மாட்டி, காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க வயரை ஸ்பிரிங்கில் இணைத்துவிடுங்கள். பல்லாஸ்ட் இல்லாமல் குறைந்த ஓம் காயில் போட்டிருந்தால், பழைய 3 ஓம் காயிலும் டப்பாவோடு வர வேண்டும், இல்லாவிட்டால் பாயிண்ட் கொஞ்ச தூரத்திலேயே எரியும். கேம் உச்சியில் 0.38 வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரைப் பாயிண்ட் கீறலுக்குத் திருப்பிப் பூட்டுங்கள். பழகிய கைக்கு இருபது நிமிட வேலை. வீடு சேர்ந்ததும் டைமிங் லைட்டால் மறுபடி பாருங்கள்.